முட்டத்துல வள்ளத்து மேல உக்காந்திருந்த கறுப்பு முதுகு பறவை எது?

மார்த்தாண்டத்துக்காரன்:
ஞாயித்துக்கிழமை மே மாச வெயில்னு பாக்காம நானும் மச்சானும் பறவை பாக்க பைக்க எடுத்துட்டு கெளம்பிட்டோம். காலைல 6 மணிக்கு கன்னியாகுமரி பக்கத்துல சின்னமுட்டம், அங்க ஏப்ரல் 15ல இருந்தே மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு பூரா கட்டிக் கெடக்கு, செம்பருந்து தவிர ஒண்ணும் தேறல. புத்தளம் உப்பளத்துல நெடுங்கால் உள்ளான் ஏராளம், தூரத்துல ஏழெட்டு பூநாரை, பின்பக்கம் ரோஸ் கலர்.

விஷயம் என்னன்னா சாயங்காலம் முட்டத்துல, கரையில ஏத்தி வச்ச வள்ளத்தோட அணியத்துல, அதாவது முன்முனையில, ஒரு பறவை, முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, நெத்தியிலயும் வெள்ளை, வால் கத்திரிக்கோல் மாதிரி, கண்ண பாதி மூடிட்டு இருக்கு, ரெண்டு காக்கா சும்மா விடாம கொத்துது. அப்புறம் கரைக்குப் பக்கத்துலயே மூணு டால்ஃபின், குதிக்கவே இல்ல, மெதுவா முதுக காட்டிட்டு உள்ள போயிட்டு. ரெண்டும் என்னன்னு சொல்லுங்களேன்.

உள்ளான் பிரியன்:
ஆலா (டெர்ன்) வகைதான் புரோ, கடல் பறவை. நெத்தி வெள்ளை கண்ணோட நின்னுடுச்சா, இல்ல கண்ணத் தாண்டி புருவம் மாதிரி போகுதா? நின்னா சூட்டி டெர்ன், தாண்டுனா பிரைடில்ட் டெர்ன். ரெண்டுமே நடுக்கடல் பறவை, தென்மேற்கு காத்து ஏற ஆரம்பிச்சா சோர்ந்துபோய் கரையில விழும். அப்புறம் அந்த பூநாரை... மே மாசத்துலயா? மூக்கு மஞ்சளா நீளமா இருந்தா அது மஞ்சமூக்கு நாரை, அதுக்கும் பின்பக்கம் ரோஸ்தான், நானே ரெண்டு தடவ ஏமாந்திருக்கேன்.

கொளச்சல்காரன்:
தம்பி, அந்த பறவைய ஆழக்கடல்ல நெறைய பாத்திருக்கேன், மெதந்து வர்ற தடி மேல உக்காந்திருக்கும், அந்த தடிக்கு அடியில மீன் கெடக்கும், அதான் நாங்களும் அத தேடிப் போறது. நீங்க டால்ஃபின்னு சொல்றது எங்க ஊர்ல ஓங்கல், நீங்க பாத்தது அதுதான், ஆனா ஆழத்துல துள்ளி சுத்துற கூட்டம் வேற, கரையோரம் சோம்பலா உருளுறது வேற, அதுக்கு முதுகுல திமில் மாதிரி இருக்கும் பாத்துக்கிடுங்க.

உள்ளான் பிரியன்:
அண்ணாச்சி சொன்னது கரெக்ட், ஹம்ப்பேக் டால்ஃபினா இருக்கும். இன்னொண்ணு, இப்படி விழுந்த பறவைய கடலுக்குள்ள தூக்கிப் போட்டுடாதீங்க, வாயில தண்ணியும் ஊத்தாதீங்க. அட்டைப்பெட்டியில நிழல்ல வச்சு வனத்துறைக்கு போன் போடுங்க.

மார்த்தாண்டத்துக்காரன்:
போட்டோவ ஜூம் பண்ணி பாத்தேன், வெள்ளை கண்ணத் தாண்டி போகுது, அப்போ பிரைடில்ட். பூநாரைய மஞ்சமூக்கு நாரைன்னு மாத்திட்டேன், மச்சான் ஒரே சிரிப்பு. அவன்தான் பாட்டில் மூடியில தண்ணி எடுத்துட்டுப் போனான், நல்ல வேளை பக்கத்துல போனதும் கொத்த வந்துச்சு. இருட்டுற வரைக்கும் காக்காவ விரட்டிட்டு நின்னோம். காலைல வள்ளக்காரரு போன்ல சொன்னாரு, பறவையக் காணல, அணியம் பூரா எச்சம்தான் கெடக்கு, வந்து கழுவிட்டுப் போங்கன்னு.