வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்: ‘ஸ்டாப் லாஸ்’

கோரமங்களா:
பெங்களூரின் பல பேட்டைகளிலிருந்தும் இந்தக் குழுவில் எழுதும் அனைவருக்கும் வணக்கம். இணையச் சீட்டாட்டத்தில் பணத்தை விட்டுவிட்டு மீள முயல்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே சொல்லில் இரண்டு நாளாக நிற்கிறேன். போக்கர் ஆட உட்காரும் முன்பே, ‘இவ்வளவு போனால் எழுந்துவிடுவேன்’ என்று ஒருவர் தமக்கு விதித்துக்கொள்ளும் அளவு. பங்குச்சந்தைப் பக்கங்களில் ‘ஸ்டாப் லாஸ்’ என்றே எழுதிவிடுகிறார்கள். ‘இழப்பு வரம்பு’ என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. ‘செஷன்’ என்பதற்கு ‘அமர்வு’. அதில் யாருக்கும் மறுப்பு இராது என்று நம்புகிறேன்.

ஜாலஹள்ளி:
மறுப்பு உண்டு, பிறகு சொல்கிறேன். வள்ளுவர் வீட்டிலேயே விடை கிடக்கும்போது ஏன் தெருவில் தேடுகிறீர்கள்? குறள் 933: ‘உருளாயம் ஓவாது கூறின்’. ஓவுதல் என்றால் ஒழிதல், நிற்றல். ஓவு, எல்லை இரண்டும் சேர்ந்தால் ‘ஓவெல்லை’. முற்றியலுகரம் கெடுமா என்று கிளம்புபவர்கள் நன்னூல் 164-ஐப் பார்க்கட்டும்: ‘முற்றும் அற்று ஒரோவழி’. இன்னும் உள்ளே போனால், ஓரெழுத்து ஒருமொழியாகிய ‘ஓ’ மதகுநீர் தாங்கும் பலகையைக் குறிக்கும். நீரை நிறுத்தும் பலகையிலிருந்தே ஓவுதலும் ஓய்தலும் ஓய்வும் பிறந்தன என்பது என் துணிபு. ஆக, பணம் ஓடாமல் மதகில் பலகை இறக்குவதுதான் ஓவெல்லை.

ஸ்ரீராமபுரம்:
ஐயா, துணிபு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கையேட்டைப் பிரிக்கப்போகிறவர் இரவு இரண்டு மணிக்குச் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர். அவரிடம் போய் முற்றியலுகரமா? இன்று காலை கரும்பலகையில் ‘ஓவெல்லை’ என்று எழுதிப் பிள்ளைகளிடம் பொருள் கேட்டேன். ஒருவன் கிரிக்கெட் ஓவர் என்றான். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி, ஓவியத்துக்குச் சட்டம் போடுவதா என்றாள்.

ஜாலஹள்ளி:
அந்தப் பெண்ணைப் பாராட்டுங்கள். ஓவியத்துக்குச் சங்கத்தமிழில் ‘ஓவம்’ என்றே பெயர். அசைவு ஓய்ந்து நிற்பதால் ஓவம். எல்லாம் ஒரே வேர்.

அல்சூர்:
வேரைத் தோண்டித் தோண்டி மரத்தையே சாய்த்துவிடாதீர்கள். வள்ளுவர் சூதாடும் இடத்துக்குச் சொல்லும் பெயர் ‘கழகம்’. ‘கவறும் கழகமும் கைச்செருக்கும்’ என்பது 935. அதை இன்று எந்த மேடையிலாவது அந்தப் பொருளில் சொல்லிப் பாருங்கள். சொல் இடம் மாறிவிட்டால் மாறியதுதான். நான் தினமும் நடக்கிற ஏரிக்கரையில் அவர் சிலை 1991 முதல் 2009 வரை மூடியே கிடந்தது. திறப்பதற்குப் பதினெட்டு ஆண்டு பொறுத்தவர், நமக்காக வெள்ளிக்கிழமை வரை பொறுக்க மாட்டாரா?

என் பங்குக்கு ஒன்று. இந்த ஊரில் நாமெல்லாம் வாயில் வைத்திருப்பது கன்னடத்துச் ‘சாக்கு’. போதும் என்று பொருள். ‘போதும் புள்ளி’ என்று வைத்தால் என்ன? ‘சாக்குப் புள்ளி’ வேண்டாம். ஆடுகிறவனுக்கு ஏற்கெனவே ஆயிரம் சாக்கு.

ஒயிட்ஃபீல்டு:
ஆறு ஆண்டு இதே ஆட்டத்தில் கிடந்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். ‘இழப்பு’ என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். நூறு ரூபாய் கூடினால் பயந்து எழுந்துவிடுவோம். ஆயிரம் குறைந்தால் மீட்கும்வரை நகர மாட்டோம். கணக்கு நோட்டில் வென்ற நாட்கள் வரிசையாக நிற்கும், கையிருப்பு மட்டும் இராது. நல்ல ஆட்டக்காரன் நேர்மாறு. எதிரில் இருப்பவர்கள் மோசமாக ஆடுகிறார்களா, தன் தலை தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பான். ஆட்டம் முழுவதும் ஒரே நீண்ட அமர்வுதான், நடுவில் எழுவதும் உட்காருவதும் நம் வசதிக்கு. ஆட்டத்தில் உட்காரக் கட்டும் காசு மூன்று முறை போனதும் எழு என்று விதி வைப்பதால் சீட்டின் கணக்கு மாறிவிடாது. நான்காம் முறை உட்காருகிறவன் முதல் முறை உட்கார்ந்தவன் அல்லன். அதற்காகத்தான் விதி. 940-ஆம் குறள் இதைத்தானே சொல்கிறது? ‘இழத்தொறூஉம் காதலிக்கும்.’

எனவே சொல் எழுவதைக் குறிக்கட்டும், இழப்பதை அல்ல. ‘எழுகோடு’ சரிவருமா?

கோரமங்களா:
இது எனக்குப் பிடித்திருக்கிறது. கையேட்டில் ஒருவர் கதை வருகிறது. கணினித் திரையின் ஓரத்தில் மஞ்சள் தாள் ஒட்டி ‘3’ என்று எழுதி வைத்தாராம். பிறகு 3-ஐ அடித்து 5. ஐந்தை வளைத்து 8. எட்டுக்கு மேல் திருத்த இடமில்லாமல் புதுத் தாள் ஒட்டியிருக்கிறார். ‘வரம்பு’ என்றால் தள்ளி வைக்கலாம். ‘கோடு’ கிழித்தால் கொஞ்சமாவது கூசும்.

ஸ்ரீராமபுரம்:
‘எழுக்கோடு’ என்று க் மிக வேண்டாமா?

ஜாலஹள்ளி:
பள்ளி ஆசிரியர் கேட்கிற கேள்வியா இது? வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய் என்கிறோம், ஊறுக்காய் என்றா சொல்கிறோம்? ஆனால் உண்மையான சிக்கல் வேறு. எழுபது, எழுநூறு, எழுபிறப்பு. எழுகோடு என்றால் ஏழு கோடு என்று படிப்பார்கள். ஏழு முறை விட்டுப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தது போலாகும்.

அல்சூர்:
கன்னடத்திலும் ‘ஏளு’ என்றால் ஏழு. ‘ஏளு’ என்றால் எழுந்திரு. இந்த ஊருக்கு மிகப் பொருத்தம். இலக்கணக்காரருக்கு இன்னொரு தீனி: ‘எழுவாய்’ என்றே வைத்துவிடலாம். நீ எழுவாய். எழாவிட்டால் பயனிலை.

ஜாலஹள்ளி:
பயன் இல்லை என்பதும் பயனிலை என்ற இலக்கணச் சொல்லும் ஒன்றல்ல. விளையாட்டுக்கும் அளவு உண்டு. சரி, அடிப்படைக் கேள்வி ஒன்று. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே இயற்றிவிட்டது. இல்லாத ஆட்டத்துக்கு ஏன் சொல்?

ஒயிட்ஃபீல்டு:
ஐயா, சட்டம் செயலியை மூடும். விரல் வெளிநாட்டுத் தளத்தைத் தேடிப் போகும். பங்குச்சந்தையிலும் இதே நோய், அங்கே தடையும் இல்லை.

கோரமங்களா:
வியாழன் இரவு பதினொன்று. ‘எழுகோடு’ என்று வைத்து, முதல் இடத்தில் மட்டும் ‘எழுந்துவிட வேண்டிய கோடு’ என்று விரித்து எழுதிவிட்டேன். நால்வர் சரி என்றார்கள், அவர்களில் இருவர் தூங்கப்போக வேண்டும் என்பதற்காக. அடுத்தது ‘டில்ட்’. தோற்ற ஆத்திரத்தில் நிலை தடுமாறி ஆடுவது. ‘பின்பால்’ எனும் குண்டு உருட்டும் ஆட்ட இயந்திரத்தைச் சாய்த்தால் அது பூட்டிக்கொண்டு விளக்கில் காட்டும் சொல்லாம். ‘நிலைசாய்வு’ என்று போடுகிறேன். தயவுசெய்து யாரும் வேர் தேட வேண்டாம்.

ஜாலஹள்ளி:
‘சாய்’ என்பதன் வேர்…

கோரமங்களா:
சனிக்கிழமை. அச்சுப்படி வந்திருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் அச்சகத்தில் யாரோ நல்லெண்ணத்தில் திருத்தியிருக்கிறார்கள்: ‘ஏழு கோடு’. பக்கவாட்டில் பென்சிலால் ஒரு கேள்வி: ‘மற்ற ஆறு எங்கே?’

ஜாலஹள்ளி:
ஓவெல்லைக்கு இந்த நிலை வந்திராது.