ஐந்து சிறு பள்ளிகள் சேர்ந்து இணைய வகுப்பு நடத்துவது எப்படி?

கேள்வி: தலைமையாசிரியை, கானாடுகாத்தான் பகுதி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் அருகருகே ஐந்து தொடக்கப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஈராசிரியர் பள்ளிகள். ஒருவர் பயிற்சிக்குச் சென்றுவிட்டால், மற்றவர் ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் வைத்துக்கொண்டு பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. எங்களுள் ஒருவர் ஆங்கிலத்தை மிக நன்றாகக் கற்பிப்பவர். அவருடைய வகுப்பை வாரம் ஒருமுறை ஐந்து பள்ளிப் பிள்ளைகளும் இணையவழியே கேட்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். தொடங்கிப் பார்த்ததில் படம் நின்றுவிடுகிறது, குரலும் விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. ஒரு பள்ளியில் தட்டச்சு செய்த வினாத்தாள் அடுத்த பள்ளியின் கணினியில் புரியாத குறிகளாகத் தெரிகிறது. வாட்சப் குழுவில் சுற்றறிக்கை, பயிற்சித்தாள், வாழ்த்துச் செய்தி எல்லாம் கலந்து கிடப்பதால் தேவையானதைத் தேடி எடுக்க முடிவதில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் உதவ முன்வந்திருக்கிறார்கள். அவர்களிடம் எதைக் கேட்பது என்று தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: கணினி ஆசிரியர், காரைக்குடி

வணக்கம் அம்மா. புதிய கருவி எதையும் கேட்பதற்கு முன்னால், வகுப்பில் எதை நேரலையாக அனுப்புகிறீர்கள் என்பதை மாற்றிப் பாருங்கள். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் செல்லும் காணொளி 40 நிமிட வகுப்பில் ஏறத்தாழ 300 மெகாபைட்டை எடுத்துக்கொள்ளும். அதே வகுப்பில் குரலை மட்டும் நொடிக்கு 32 கிலோபிட் வேகத்தில் அனுப்பினால் 10 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். ஆகவே படங்களையும் எழுத்துப் பக்கங்களையும் முந்தைய நாளே எல்லாப் பள்ளிகளின் கணினியிலும் இறக்கி வைத்துக்கொண்டு, வகுப்பு நேரத்தில் குரல் மட்டும் நேரலையாக வரும்படி செய்யலாம். ‘மூன்றாம் பக்கத்தைத் திறங்கள்’ என்று ஆங்கில ஆசிரியர் சொல்ல, அந்தந்தப் பள்ளியில் இருக்கும் ஆசிரியர் அதைத் திரையில் காட்டினால் போதும். பிள்ளைகள் ஆசிரியரின் முகத்தையும் பார்க்க வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். தொடக்கத்தில் சில நிமிடங்கள் காணொளியைப் போட்டுவிட்டு நிறுத்திவிடலாம். ஜிட்சி மீட் என்ற இலவசக் காணொளிக் கூட்டச் செயலியில் இதைச் செய்ய முடியும்.

உங்கள் பள்ளி பழைய கட்டடத்தில் இயங்குகிறதா என்று பாருங்கள். செட்டிநாட்டின் கெட்டிச் சுவர்கள் வெயிலைத் தடுப்பதுபோலவே வைஃபை அலைகளையும் தடுக்கும். வைஃபையின் 2.4 கிகாகெர்ட்சு அலையைவிட 5 கிகாகெர்ட்சு அலையை அவை இன்னும் கூடுதலாகத் தடுக்கும். ரவுட்டர் தலைமையாசிரியர் அறையிலும் வகுப்பு இரண்டு சுவர் தாண்டியும் இருந்தால், எவ்வளவு நல்ல இணைப்பும் வகுப்பறைக்கு வரும்போது மெலிந்துவிடும். ரவுட்டரிலிருந்து வகுப்பறைக் கணினிக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள்; 100 மீட்டர் வரை அது சிரமமின்றி வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி மின்னல் தொடங்கியதும் ரவுட்டரின் மின்செருகியைக் கழற்றிவிடும் பழக்கம் எல்லாப் பள்ளிகளிலும் வேண்டும்.

ஊர்க்காரர்களிடம் பள்ளிக்கு ஒரு நல்ல ஒலிபெருக்கியும் சிறிய யூபிஎஸ்ஸும் கேளுங்கள். மீதிப் பணம் இருந்தால், பாடங்களையும் நூல்களையும் இணையம் இல்லாமலே படிக்க உதவும் கோலிப்ரி, கிவிக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களை நிறுவுவதற்கு ஒரு சிறு கணினி வாங்கலாம். கிவிக்ஸ் வழியாக, 2003 முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவை இணையம் இல்லாமலே பிள்ளைகள் படிக்க முடியும். இணைப்பு நன்றாக உள்ள ஒரு பள்ளியில் கோப்புகளை இறக்கி, பென் டிரைவில் மற்ற பள்ளிகளுக்குக் கொண்டுபோனால் மாதக் கட்டணமும் மிச்சமாகும்.

வினாத்தாள் சிக்கலுக்குக் காரணம் பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு நிறுவப்படாத கணினியில் எழுத்துகள் வேறு குறிகளாகத்தான் தெரியும். எல்லாக் கணினியிலும் ஒரேபோல் தெரியும் ஒருங்குறியை (யூனிகோட்) தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. ஐந்து பள்ளிகளும் இனி ஒருங்குறியில் மட்டுமே தட்டச்சு செய்வது என்று முடிவெடுங்கள். பழைய கோப்புகளை மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியப் பயிற்றுநர், தேவகோட்டை

கணினி ஆசிரியர் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆயினும் இத்தகைய முயற்சிகள் நின்றுபோவதற்குக் கருவிக் கோளாற்றைவிட நேரம் ஒத்துவராமையே பெரிய காரணம் என்று கருதுகிறேன். ஒரு பள்ளியில் மதிய உணவு முடிந்திருக்காது. இன்னொன்றில் ஆசிரியர் செயலியில் விவரம் பதிவு செய்துகொண்டிருப்பார். ஐந்து தலைமையாசிரியர்களும், அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அமர்ந்து, வாரத்தில் ஒரே நாளையும் ஒரே பாடவேளையையும் கால அட்டவணையிலேயே எழுதிக்கொண்டு, அந்த நேரத்தில் வேறெந்த வேலையும் குறுக்கிடாமல் காத்துக்கொண்டால் மட்டுமே வகுப்பு நிலைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாடம் கேட்கும் பள்ளியின் ஆசிரியர் வகுப்பைவிட்டு வெளியே போகக் கூடாது. எட்டு வயதுப் பிள்ளை ஒலிபெருக்கியிடம் சந்தேகம் கேட்காது. பக்கத்தில் நிற்கும் ஆசிரியரைத்தான் பார்க்கும். ஆங்கில ஆசிரியருக்கும் அந்த ஒரு வகுப்பு கூடுதல் சுமை. ஆகவே மற்ற நால்வரும் தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அவருக்குத் தேவையான துணைக்கருவிகளை முறைவைத்துச் செய்து கொடுப்பதே நியாயம்.

மறுமொழி: பெற்றோர், பள்ளத்தூர்

வாட்சப் குழுவைப் பற்றிப் பெற்றோராக ஒரு வேண்டுகோள். ஆசிரியர்களுக்கு ஒரு குழுவும், பெற்றோருக்கு நிர்வாகி மட்டுமே எழுதக்கூடிய மற்றொரு குழுவும் வைத்தால் செய்திகள் கலக்காது. பிள்ளைகளின் படங்களையும் மதிப்பெண்களையும் பொதுக் குழுவில் இட வேண்டாம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்களுடைய தரவுகளுக்குப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஒரு பிள்ளையின் குறைந்த மதிப்பெண்ணை ஊரே பார்ப்பது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு வலி என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் பாடவேளையை முடிவு செய்வோம். கேபிளை இந்த வாரமே இழுக்கச் சொல்லியிருக்கிறேன். கணினி ஆசிரியர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: வகுப்பறையும் கூடமும் அடுத்தடுத்து இருப்பதால் ஒலிபெருக்கியின் சத்தம் எதிரொலிக்கிறது; அதை எந்த இடத்தில் வைத்தால் பின்வரிசைப் பிள்ளைகளுக்கும் தெளிவாகக் கேட்கும்?