இத்தனை பெரிய கைகள் ஒரே மேடையில் எப்படி மோதாமல் வாசிக்கிறார்கள்? (சால்சா தெரிந்தவர்கள் வரவும்)

சிப்புட் உறுமி:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து உறுமி மேளக் குழுவில் எட்டு வருடமாக வாசிக்கிறேன். செம்பனை லோரி ஓட்டும் நண்பன் ஒருவன் சால்சா என்ற ஸ்பானிஷ் மொழி நடன இசையை வாசிக்கும் ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் என்ற நியூயார்க் குழுவின் மேடைப் பதிவைப் போட்டுக் காட்டினான், அன்றிலிருந்து வேறு எதுவும் காதில் ஏறவில்லை. ரே பரேட்டோ, வில்லி கொலோன், லாரி ஹார்லோ எல்லாரும் தனித்தனியாகச் சொந்தக் குழு நடத்தியவர்கள். ஒன்றாக ஏறியும் சந்தைக்கடை சத்தம் ஆகவில்லை. நாங்கள் போன வருடம் திருவிழாவுக்கு மூன்று தோட்டத்துக் குழுக்களைச் சேர்த்து அடித்தோம். பத்தே நிமிடத்தில் ஆளுக்கொரு வேகம். கரகம் எடுத்த அக்கா எந்த அடிக்கு ஆடுவதென்று தெரியாமல் நடுவிலேயே நின்றுவிட்டார், அந்த முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இந்த வருடமும் சேர்கிறோம். அவர்களுக்கு மட்டும் எப்படி அமைகிறது? அப்புறம், இப்போது ஸ்பானிஷ் பாட்டு உலகம் பூராவும் ஓடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கொங்கா பித்தன்:
தம்பி, பதில் இரண்டு மரக்குச்சியில் இருக்கிறது. கிளாவே என்பார்கள். ஒரு பக்கம் மூன்று அடி, மறுபக்கம் இரண்டு அடி, பாட்டு முடியும் வரை அது மாறாது. மூன்று அடிப் பக்கத்தை நம் வாயால் சொல்வதென்றால் "தகிட தகிட தக", ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு அடி. அடுத்த எட்டு மாத்திரையில் மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் மட்டும் அடி விழும். சில பாட்டில் குச்சியையே யாரும் தட்டமாட்டார்கள், ஆனாலும் மேடையில் இருக்கும் எல்லார் உள்ளேயும் அது ஓடிக்கொண்டிருக்கும். பியானோ, டிராம்போன், பாடகர் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

இன்னொன்று, ஒருவர் இடத்தில் இன்னொருவர் கை வைப்பதில்லை. கையால் அடிக்கும் உயரமான கொங்கா மேளம் விட்ட இடைவெளியில், குச்சியால் அடிக்கும் டிம்பாலெஸ் மேளம் விழும். பாட்டு சூடேறி, பாடகரும் கோரஸும் மாறி மாறிப் பாடும் மொந்துனோ பகுதிக்கு வந்ததும், பொங்கோ என்ற சின்ன இரட்டை மேளம் வாசிப்பவர் அதை விட்டுவிட்டு மணியைக் கையில் எடுப்பார், கவனித்துக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஜானி பச்சேகோ முன்னால் நின்று கையசைத்து யார் எப்போது நுழைவது என்று காட்டுவார். 1964இல் ஜெர்ரி மசூச்சி என்ற வழக்கறிஞரோடு சேர்ந்து ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர்தான். உங்கள் மூன்று குழுவுக்கும் அப்படி ஒரு கை இருந்ததா?

தைப்பிங் அக்கா:
இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். அந்த "தகிட தகிட தக"வை வைத்துக்கொண்டே ரெகெதோன் என்ற இன்றைய ஸ்பானிஷ் ஆட்டப் பாட்டைக் கேளுங்கள், அதே எட்டு மாத்திரை அடியில் ஓடும். 2017இல் "டெஸ்பாசித்தோ" என்ற ஸ்பானிஷ் பாட்டு வந்தபோது வரிகளைப் பற்றிப் புகார் எழுந்து மலேசிய அரசு ஒலிபரப்பான ஆர்டிஎம் அதை ஒலிபரப்பாமல் நிறுத்தியது நினைவிருக்கும். எங்கள் டவுனில் ஒரு வார்த்தை ஸ்பானிஷ் தெரியாத பிள்ளைகளும் அதற்குத் தாளம் போட்டார்கள், பிடித்தது அந்த அடிதான். இது நேற்று நடந்ததும் இல்லை. 1973 ஆகஸ்ட் 24 அன்று நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் ஃபானியாவைக் கேட்க நாற்பதாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள், பரேட்டோவும் மோங்கோ சாந்தமரியாவும் கொங்காவில் மோதியபோது கூட்டம் அடக்க முடியாமல் மைதானத்துக்குள் இறங்கிவிட, கச்சேரியையே நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் வாசித்தார்கள், கியூபப் பாடகி செலியா குரூஸ் பாடினார். ஜப்பானியர்களே சேர்ந்து ஓர்கெஸ்தா டி லா லூஸ் என்று சால்சா குழு அமைத்து 1990இல் அமெரிக்காவின் லத்தீன் தரவரிசையில் முதலிடம் பிடித்தார்கள்.

உங்களுக்காக ஒன்று. கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் பொம்பா என்ற மேள ஆட்டம், கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வேலை செய்த ஆப்பிரிக்கர்களிடம் வளர்ந்தது. அதில் மேளத்துக்கு ஆட்டக்காரர் ஆடுவதில்லை. ஆடுபவரின் அசைவைப் பார்த்து முதல் மேளக்காரர் அடிக்கிறார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இதை முதலில் கேட்டபோது தொண்டை அடைத்துக்கொண்டது. கரகம் எடுக்கும் அக்காவைப் பார்த்து அடிக்க உங்களில் ஒருவரை நிறுத்துங்கள், தம்பி.

சிப்புட் உறுமி:
அண்ணே, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று இரவு கோயில் கொட்டகையில் முயற்சி செய்தோம். காய்ந்த ரப்பர் மரக்கிளையில் இரண்டு குச்சி சீவி, கை ஆடாத ஒரு சின்னப் பையனிடம் கொடுத்தோம். நான் உறுமியோடு அக்காவுக்கு எதிரே நின்று அவர் காலை மட்டும் பார்த்தேன். பம்பை முதலில் தடுமாறியது, மூன்றாவது தடவை உட்கார்ந்தது. அக்கா இரண்டு சுற்று நிற்காமல் ஆடி முடித்தார். வெள்ளிக்கிழமை மற்ற இரண்டு தோட்டத்தாரும் வருகிறார்கள். எங்கள் தவில்காரர் மட்டும் இன்னும் குச்சிக்கு முன்னால் ஓடுகிறார், வயதில் பெரியவர். அவரிடம் எப்படிச் சொல்வது?

கொங்கா பித்தன்:
சொல்லாதீர்கள். குச்சியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.