பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர்: ஜெர்மனிக்கு ஏபிஎஸ் அனுப்பலாமா?

நெல்லை_செல்வி (ஜனவரி 9)

எல்லாருக்கும் வணக்கம். பி.இ. மெக்கானிக்கல் முடிச்சு ஒன்றரை வருஷம் ஆகுது. அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைப்புக் கல்லூரி. அக்டோபர்ல தொடங்குற செமஸ்டருக்கு ஜெர்மனியில எம்.எஸ்ஸி. விண்ணப்பிக்கணும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு நவம்பர்ல எழுதிட்டேன், 7 வந்திருக்கு.

பிரச்சினை என் பெயர். மார்க் ஷீட் எல்லாத்துலயும் "தமிழ்ச்செல்வி எம்". பாஸ்போர்ட்ல பெயர் தமிழ்ச்செல்வி, குடும்பப் பெயர் இருக்கவேண்டிய இடத்துல அப்பா பெயர் முருகேசன். இங்க ஒரு கன்சல்டன்சியில கேட்டதுக்கு, "இப்படியே போனா விசா ரிஜெக்ட் ஆகும், கெஜட்ல பெயர் மாத்தணும், எல்லாச் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் (வெளிநாட்டுல செல்லுபடியாக அரசு வைக்கிற முத்திரை) போடணும், மொத்தம் 45,000 ரூபாய்"னு சொல்லிட்டாங்க. அப்பா மளிகைக் கடையில கணக்கு எழுதுறாங்க. அவங்ககிட்ட இந்தத் தொகையைச் சொல்லவே மனசு வரல.

ஏபிஎஸ் (ஜெர்மனிக்குப் போறவங்க சான்றிதழைச் சரிபார்க்கிற அமைப்பு) படிவம் பாதி நிரப்பி வச்சிருக்கேன், பணம் கட்டல. ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிற யூனி-அசிஸ்ட் தளத்துல கணக்கு தொடங்கி, குடும்பப் பெயர்னு கேட்ட இடத்துல "எம்"னு போட்டுட்டேன். அது தப்பா?

டார்ட்மண்ட்_கார்த்தி

தங்கச்சி, முதல்ல பயத்தை விடுங்க. இனிஷியலுக்காக கெஜட் வேண்டாம். பாஸ்போர்ட்ல இனிஷியலை விரிச்சுத்தான் எழுதணும், அதனால தமிழ்நாட்டுலேர்ந்து வர்ற பெரும்பாலான பசங்களுக்கு இதே நிலைமைதான். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. "மார்க் ஷீட்டில் உள்ள இன்னாரும் பாஸ்போர்ட்டில் உள்ள இன்னாரும் ஒருவரே, எம் என்பது என் தந்தை முருகேசனைக் குறிக்கும்"னு ஒரு அஃபிடவிட் எழுதி, நோட்டரிகிட்ட கையெழுத்து வாங்கி ஏபிஎஸ் கூடவே வச்சேன். யாரும் ஒரு கேள்வி கேக்கல.

ஆனா யூனி-அசிஸ்ட்ல போட்ட "எம்" தப்புதான். பாஸ்போர்ட்ல எந்தக் கட்டத்துல என்ன இருக்கோ அதையே எல்லா இடத்துலயும் போடுங்க. அங்க "எம்"னு போனா அட்மிஷன் கடிதமும் அதே பெயர்ல வந்து நிக்கும். அப்புறம் விசா, வங்கிக் கணக்கு, காப்பீடுன்னு ஒவ்வொரு இடத்துலயும் விளக்கம் சொல்லிட்டே இருக்கணும். இன்னும் விண்ணப்பம் எதுவும் அனுப்பலையே? உங்க பயனர் எண்ணைக் குறிப்பிட்டு அவங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு இப்பவே திருத்திடுங்க.

வேங்கைமரம்

அப்போஸ்டில் பத்தி நான் சொல்றேன். இதுல நிறைய பேர் பணத்தை இழக்குறாங்க, பார்க்கவே வருத்தமா இருக்கு. ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில இந்தியா 2005ல சேர்ந்துச்சு. அப்போ ஆட்சேபம் தெரிவிச்ச நாடுகள்ல ஜெர்மனியும் ஒண்ணு. அதனால இந்திய அப்போஸ்டில் முத்திரையை ஜெர்மனி அலுவலகங்கள் ஏத்துக்குறதில்ல. உங்க சான்றிதழ் உண்மையானதான்னு பார்க்கத்தான் ஏபிஎஸ் இருக்கு. 2022 நவம்பர் 1லேர்ந்து இந்திய மாணவர்களுக்கு விசாவுக்கே அதைக் கட்டாயம் ஆக்கிட்டாங்க. 18,000 ரூபாய் அதுக்குக் கட்டுங்க, அப்போஸ்டிலுக்கு ஒரு பைசா கொடுக்காதீங்க.

செந்தில்_மதுரை

நான் பதினோரு வருஷமா ஆன்லைன் சென்டர் வச்சிருக்கேன், பாஸ்போர்ட் விண்ணப்பம்தான் அதிகம். ஒரு விஷயம் கேட்கணும்மா. பெயரைத் தமிழ்ல எழுதியிருக்கீங்க. ஆங்கிலத்துல ரெண்டுலயும் ஒரே எழுத்தா? ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க. உங்க பெயர்ல ழகரம் இருக்கு, அதான் கேக்குறேன்.

நெல்லை_செல்வி

அண்ணா, இப்போதான் எடுத்துப் பார்த்தேன். கை நடுங்குது. பத்தாவது, பன்னிரண்டாவது, காலேஜ் எல்லாத்துலயும் "டி எச் ஏ எம் ஐ இசட் எச்"னு ஆரம்பிக்குது. பாஸ்போர்ட்ல "டி ஏ எம் ஐ எல்". ஆதார்லயும் அப்படித்தான் இருக்கு, அதைப் பார்த்துத்தான் பாஸ்போர்ட்டுக்கு நிரப்பினாங்க. மூணு வருஷமா கவனிக்கவே இல்ல.

செந்தில்_மதுரை

பதறாதீங்கம்மா, பணம் கட்டுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு, அதுவே பெரிய விஷயம். இனிஷியல் வேற, எழுத்து வேற. "எம்"முக்கும் முருகேசனுக்கும் ஒரு வரியில விளக்கம் சொல்லிடலாம். ஜெர்மன்காரருக்கு "இசட் எச்"சும் "எல்"லும் ஒரே ழகரம்னு எப்படித் தெரியும்? அவருக்கு அது ரெண்டு பெண்கள் பெயர். இதை அஃபிடவிட்டை மட்டும் நம்பி விடவேண்டாம், பாஸ்போர்ட்டையே திருத்திடுங்க.

முதல்ல ஆதாரைச் சரி பண்ணுங்க, பத்தாவது மார்க் ஷீட்டைக் காட்டினா போதும். அது மாறி வந்தப்புறம் பாஸ்போர்ட் சேவா தளத்துல மறுவெளியீடு போட்டு, காரணம் கேக்குற இடத்துல விவரத் திருத்தம்னு குறிப்பிடுங்க. 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். தட்கல்னா மேல 2,000. போலீஸ் விசாரணை வரலாம், அந்த நாட்கள்ல வீட்டுல இருங்க. புது பாஸ்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் ஏபிஎஸ் படிவத்தைத் தொடாதீங்க.

நெல்லை_செல்வி

மார்க் ஷீட்டைப் பாஸ்போர்ட்டுக்கு ஏத்த மாதிரி மாத்த முடியாதா அண்ணா? பாஸ்போர்ட்தானே பெரிய ஆவணம்னு நினைச்சேன்.

செந்தில்_மதுரை

மார்க் ஷீட்னா பள்ளித் தலைமை ஆசிரியர் வழியா அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரைக்கும் போகணும், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைக் கேப்பாங்க. உங்க பதிவேட்டுலயே "இசட் எச்"தான் இருக்கும், அப்புறம் எதை வச்சு மாத்துவீங்க? அதுபோக காலேஜ்ல எட்டு செமஸ்டர், பட்டச் சான்றிதழ். பத்துக்கு மேல காகிதத்தைத் திருத்துறதா, ஒண்ணைத் திருத்துறதா? உங்க அப்பா அம்மா பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது கொடுத்த எழுத்து அதும்மா. அதுவே இருக்கட்டும்.

டார்ட்மண்ட்_கார்த்தி

செந்தில் அண்ணன் சொன்னதுதான் சரி, எனக்கு இது தோணவே இல்ல. நாள் கணக்கை மட்டும் நான் சொல்றேன். பல பல்கலைக்கழகங்களுக்கு ஜூலை 15 கடைசி நாள், ஆனா அதை நம்பி இருக்காதீங்க. ம்யூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல பல முதுகலைப் படிப்புக்கு மே 31. அங்க விண்ணப்பிக்கணும்னா யூனி-அசிஸ்ட்லேர்ந்து விபிடி (நம்ம மதிப்பெண்ணை ஜெர்மன் முறைக்கு மாத்திக் கொடுக்கிற சான்று) வாங்கணும், அதுக்கே சில வாரம் ஆகும். யூனி-அசிஸ்ட் கட்டணம் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டர்ல அடுத்தது ஒவ்வொண்ணுக்கும் 30. அதனால பத்து இடம் வேண்டாம், பொருந்துற நாலஞ்சு இடம் பாருங்க.

அரியர் ஏதாவது இருந்துச்சா? இருந்தா தவறின மார்க் ஷீட், பாஸ் பண்ணின மார்க் ஷீட் ரெண்டையும் வைங்க. மறைக்காதீங்க. எல்லா செமஸ்டரையும் சேர்த்துக் கொடுக்கிற கன்சாலிடேட்டட் மார்க் ஷீட் மட்டும் வச்சா போதாது.

வேங்கைமரம்

பிளாக்டு அக்கவுண்ட்டுக்கு (விசாவுக்காக வாழ்க்கைச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கிற கணக்கு) வருஷத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாசம் 992 வீதம் அங்க போய் எடுக்கலாம். கல்விக் கடனுக்கு இப்பவே வங்கியில பேச ஆரம்பிங்க. கணக்கும் புது பாஸ்போர்ட் பெயர்லதான் தொடங்கணும். கடன் பணத்துலேர்ந்து நேரா அனுப்பினா, 2025 ஏப்ரல்லேர்ந்து டிசிஎஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி பிடிக்கிற வரி) பிடித்தம் கிடையாது. இதை வங்கியிலயே சிலருக்குத் தெரியல, கேட்டு வாங்குங்க.

நெல்லை_செல்வி (மார்ச் 3)

அண்ணன்களுக்கும் வேங்கைமரத்துக்கும் நன்றி. ஆதார் மாறிடுச்சு, புது பாஸ்போர்ட் நேத்து வந்துச்சு. தபால்காரர் கொடுத்ததும் வாசல்லயே நின்னு எழுத்து எழுத்தாப் படிச்சேன். அம்மாவும் கூட நின்னு படிச்சாங்க. யூனி-அசிஸ்ட்லயும் திருத்திட்டாங்க.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஐஇஎல்டிஎஸ் பழைய பாஸ்போர்ட்ல எழுதினது. மதிப்பெண் தாள்ல பழைய எழுத்தும் பழைய எண்ணும்தான் இருக்கு. திரும்ப எழுதணுமா?

செந்தில்_மதுரை

வேண்டாம்மா. புது பாஸ்போர்ட்டோட கடைசிப் பக்கத்தைப் பாருங்க, பழைய பாஸ்போர்ட் எண் அச்சாகி இருக்கும். மூலையை வெட்டி ரத்து பண்ணித் திருப்பிக் கொடுத்த பழைய பாஸ்போர்ட்டையும் பத்திரமா வைங்க, விசா நேர்காணலுக்கு ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க.

டார்ட்மண்ட்_கார்த்தி

இப்போதான் அஃபிடவிட்டுக்கு உண்மையான வேலை. இனிஷியலுக்கு ஒரு வரி, ஐஇஎல்டிஎஸ் தாள்ல உள்ள எழுத்துக்கு ஒரு வரி, பழைய எண், புது எண் ரெண்டும் சேர்த்து ஒரே அஃபிடவிட்டா ஆங்கிலத்துல அடிச்சுக்குங்க. நோட்டரி முத்திரை எழுத்து மேல விழாம பார்த்துக்கோங்க, ஸ்கேன்ல மங்கிடும். அதோட விண்ணப்பிக்கிற பல்கலைக்கழகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு முன்கூட்டியே சொல்லிடுங்க, பதில் வந்தா அதையும் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வைங்க.

நெல்லை_செல்வி

சரிண்ணா, நாளைக்கே நோட்டரியைப் பார்க்குறேன். ஏபிஎஸ் பணம் 18,000 இன்னைக்குக் கட்டிட்டேன். அந்த 45,000 விஷயத்தை அப்பாகிட்ட இன்னைக்குத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அந்த மதுரைத் தம்பி பெயர் என்னம்மா?"ன்னு கேட்டாங்க.