ஆளில்லாத தியேட்டரில் பார்த்த நல்ல படம்: உங்கள் கதை என்ன?

பால்கனி டிக்கெட்:

பட்டியல் வேண்டாம். ‘நாம் கொண்டாடத் தவறிய பத்துப் படங்கள்’ என்று ஊரெல்லாம் போட்டாயிற்று. எந்தப் படத்தை, யாரோடு, எந்த நிலைமையில் பார்த்தீர்கள், பக்கத்து சீட்டில் என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள். டிவியில் பார்த்ததையும் சேர்த்துக்கொள்வோம். பாதிப் படங்களுக்கு அதுதானே கதி.

நானே ஆரம்பிக்கிறேன். 2018 ஆகஸ்ட் கடைசி, ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. அதே காம்ப்ளெக்ஸில் ‘கோலமாவு கோகிலா’ சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. கவுன்ட்டரில் இருந்தவர், “சார், பத்துப் பேராவது சேரட்டும். இல்லாட்டி ஷோ கிடையாது, காசைத் திருப்பிக் கொடுத்துருவோம்” என்றார். மதியக் காட்சி. ஏழெட்டுப் பேர் பாப்கார்ன் மெஷின் ஓரமாக நின்றுகொண்டு, படியேறி வருகிற ஒவ்வொருவரையும் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்ப்பது போல எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். கோகிலாவுக்கு டிக்கெட் கிடைக்காத ஒரு குடும்பத்தை எங்களில் ஒரு பெரியவர் மடக்கிப் பிடித்தார். “இது விஜய் சேதுபதி படம்தாம்மா” என்றார். பொய்யில்லை, தயாரிப்பாளர் அவர்தான். திரையில் தலைகாட்ட மாட்டார் என்பதை மட்டும் பெரியவர் சொல்லவில்லை.

இடைவேளைக்குப் பிறகு ஏசியை நிறுத்திவிட்டார்கள். யாரும் எழுந்து போய்க் கேட்கவில்லை. துண்டு நிலம் வாங்க வேண்டும் என்ற ரங்கசாமியின் ஆசை மொத்தமும் ஓர் ஏலக்காய் மூட்டையில் இருக்கிறது. அந்த மூட்டை பள்ளத்தில் உருண்டு பிரிந்து சிதறுகிறது. படம் பார்க்கவே விருப்பமில்லாமல் வந்த அந்தக் குடும்பத்து அம்மா, “அய்யய்யோ, போச்சே” என்று வாய்விட்டுக் கத்திவிட்டார். இயக்குநர் லெனின் பாரதிக்கு இதைவிட என்ன விமர்சனம் வேண்டும்?

குறையும் சொல்லிவிடுகிறேன். சங்கம், தோழர்கள், துரோகம் என்று போகும் பகுதியில் படம் திடீரென்று அவசரப்படுகிறது. அதுவரை மலையேறுகிறவன் நடையில் போன கதை, அங்கே பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறது. ஆனால் கடைசியில் ரங்கசாமி தன் நிலத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருப்பதும், கேமரா விலக விலகக் காற்றாடிகள் பெருகிக்கொண்டே போவதும் அந்தக் குறையை மறக்கடித்துவிட்டது. கதையைச் சொல்லிவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள், படம் வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

ஏலத்தோட்டம்:

நான் கம்பம் பக்கம். எங்கள் ஊரில் கூட்டம் வந்தது. ரசனை என்றெல்லாம் பெருமை பேச மாட்டேன், நடித்தவர்களில் பல பேர் இந்தப் பக்கத்து ஆட்கள், அதுதான் காரணம். ஒரு முகம் வரும்போதெல்லாம் “டேய், அந்த மாமாடா” என்று சத்தம் கிளம்பியது. எங்கள் பெரியப்பா வாலிபத்தில் தலைச்சுமை தூக்கி மலையேறியவர். படம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “எல்லாம் சரிதான், அட்டைக்கடிதான் பத்தல” என்றார். அவருக்கு அந்த ஒரு குறைதான்.

காலைக்காட்சி:

என்னுடையது டிவி கதை. எங்கள் தாத்தாவுக்கு ‘அந்த நாள்’ என்றாலே கோபம். 1954-ல் திருச்சியில் பார்த்தாராம். “பாட்டே இல்லாம ஒரு படமாம், எடுத்தவன் வீணை வித்வானாம்” என்பார். எஸ். பாலசந்தரைத்தான் சொல்கிறார். பாட்டு, நடனம், சண்டை எதுவும் இல்லாத படத்தை ஏவி.எம். எடுத்தது இன்றைக்குக் கேட்டாலும் தைரியம்தான். அதிலும் ‘பராசக்தி’ வந்து இரண்டே வருஷம், சிவாஜி பேசுவார் என்று நம்பிப் போனால், முதல் காட்சியிலேயே சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறார். போதாக்குறைக்கு நாட்டைக் காட்டிக்கொடுக்கிறவர் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டார்கள். தாத்தா திட்டிக்கொண்டே உட்கார்ந்தார். 1943-ல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம், ரேடியோ என்ஜினீயர் ராஜனை, அதாவது சிவாஜியை, கொன்றது யார் என்று சிஐடி அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் வீடு முழுக்க விசாரிக்கிறார். ஆளாளுக்கு ஒரு கதை. நடுவே தாத்தா, “கூடப்பொறந்தவன்தான் சுட்டிருப்பான், பாரேன்” என்றார். ஏற்கெனவே பார்த்த படத்துக்கு எதற்கு ஊகம் என்று பாட்டி கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மனிதர் அப்போது இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டாராம்! பாதிப் படத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் விமர்சனம் செய்திருக்கிறார்.

முடிவு வந்ததும், ராஜனின் மனைவியாக வரும் பண்டரிபாயின் முகத்தைப் பார்த்தபடி, “இந்தப் பொண்ணு சிவாஜியையே தூக்கிச் சாப்பிட்டுட்டா” என்றார். எனக்கும் அதே அபிப்பிராயம்தான். தேசபக்தி வசனங்கள் கொஞ்சம் நீளம், ஆனால் அந்த அம்மாள் பேசினால் நீளம் தெரியவில்லை.

பெஞ்சு டிக்கெட்:

எல்லோரும் நல்லபடியாகவே பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் கெடுக்கிறேன். ஓடாத படமெல்லாம் நல்ல படம் இல்லை. இப்போது எந்தப் படம் படுத்தாலும் ஒருத்தர் வந்து, “இது இன்னொரு அன்பே சிவம், பத்து வருஷம் கழிச்சுப் பேசுவாங்க” என்கிறார். பத்து வருஷம் கழித்தும் யாரும் பேசாத படங்கள் ஆயிரம் இருக்கின்றன. ஓடியே நல்ல படமானவையும் நிறைய.

2003 பொங்கலுக்கு நான் ‘அன்பே சிவம்’ பார்க்கவில்லை, ‘தூள்’ பார்த்தேன். வருத்தமே இல்லை. வில்லி சொர்ணாக்கா வரும்போது தியேட்டர் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. ‘அன்பே சிவ’த்தைப் பிறகு டிவியில் துண்டு துண்டாகப் பார்த்தேன். புவனேஸ்வர் வெள்ளத்தில் கமலும் மாதவனும் மாட்டிக்கொண்டு முட்டிமோதும் பகுதி அபாரம். ஃப்ளாஷ்பேக் வந்ததும் எனக்கு ரிமோட் தேடும். அந்தக் காதல் கதை பழைய சரக்கு. இதைச் சொன்னால் அடிக்க வருகிறார்கள், வரட்டும்.

இன்டர்வெல் முறுக்கு:

அடிக்க வரவில்லை தம்பி, ஆனால் ஒன்று கேட்கிறேன். தியேட்டரில் நெளிந்துவிட்டு ஓடிடியில் அழுகிறார்களே, அதற்கு என்ன சொல்வீர்கள்? 2024 செப்டம்பரில் ‘மெய்யழகன்’ வந்த முதல் வாரமே போனேன். அதாவது, 18 நிமிடத்துக்கு மேல் வெட்டுவதற்கு முந்தைய முழுப் படம். பாதி சீட் காலி. வீட்டுக்காரர் தூங்கவே ஆரம்பித்துவிட்டார். முன்வரிசையில் நாலு பையன்கள், “எப்பண்ணே கிளம்புவீங்க” என்று அரவிந்த்சாமியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கல்யாண மேடையில் தங்கச்சிக்காக வாங்கிவந்த நகைகளை அவர் எடுத்துக் கொடுக்கிற இடம் வந்தது. எனக்கு இடப்பக்கம் தனியாக உட்கார்ந்திருந்த ஒருவர் மூக்கை உறிஞ்சினார். அப்புறம் செல்போனை எடுத்து, திரை வெளிச்சத்தைக் கையால் மறைத்தபடி யாருக்கோ மெசேஜ் அடித்தார். எட்டிப்பார்த்தது தப்புதான், “நல்லாருக்கியாம்மா” என்று இருந்தது. இதற்குமேல் அந்தப் படத்தைப் பற்றி எனக்குச் சாட்சி வேண்டாம்.

வெட்டியது சரியா என்றால், படம் நீளம்தான், ராத்திரிப் பேச்சு இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் பேச்சு அப்படித்தானே இழுக்கும்? பேர் என்னவென்று ஞாபகம் வராத ஒருத்தன் விழுந்து விழுந்து கவனிக்கும்போது உள்ளுக்குள் கூசுமே, அந்தக் கூச்சம் நீளத்தில்தான் வரும். நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகு என் நாத்தனார் போன் பண்ணி, “இந்தப் படத்தை ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல” என்கிறாள். சொன்னேன். “மூணு மணி நேரமா, வேண்டாம்” என்றவள் அவள்தான்.

சிமெண்ட் மூட்டை:

வீடு கட்டிக்கொண்டிருக்கிற யாரும் பாலு மகேந்திராவின் ‘வீடு’ பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். அஸ்திவாரம் போட்ட மாசம், ஒரு திரைப்படச் சங்கத்தில் போட்டார்கள். ஃபேன் சத்தம், கோடு விழுந்த பிரதி, பிளாஸ்டிக் நாற்காலி. காண்ட்ராக்டர் சிமெண்டைக் கள்ளத்தனமாக விற்பதைச் சித்தாள் மங்கம்மா போட்டுடைக்கும்போது, எனக்கு நான் காலையில் எண்ணிவிட்டு வந்த மூட்டைகள் ஞாபகம் வந்துவிட்டன. மேஸ்திரிக்கு இப்போதே போன் பண்ணலாமா என்று கை பரபரத்தது.

அப்புறம் அந்தத் தாத்தா. சொக்கலிங்க பாகவதர். அரைகுறையாக நிற்கும் வீட்டைப் பார்க்கத் தனியாக பஸ் ஏறிப் போகிறார். பூசாத செங்கல் சுவரைக் கையால் தடவித் தடவி ஒவ்வோர் அறையாகப் போகிறார். வசனம் கிடையாது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைதான். கதாநாயகி அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது, சரி. அந்தக் கைக்கும் ஒன்று கொடுத்திருக்கலாம்.

1988 படம். இதன் நெகட்டிவ் அழிந்துபோனதை பாலு மகேந்திராவே வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். இணையத்தில் கிடைப்பது வெளிறிப்போன பிரதி, முகமே சரியாகத் தெரியாது. ‘கில்லி’யை மெருகேற்றித் திரும்ப வெளியிட்டார்கள், நானும் போய் விசிலடித்தேன், சந்தோஷம். ஆனால் ‘வீடு’ மாதிரிப் படத்துக்கு அப்படிச் செய்ய நெகட்டிவே மிச்சமில்லை என்பது என்ன கொடுமை. ஓடாத படமா, ஓடிய படமா என்று நீங்கள் சண்டை போடுகிறீர்கள், எனக்குப் படம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கவலை.

பால்கனி டிக்கெட்:

பெஞ்சு டிக்கெட்டுக்கு: ஃப்ளாஷ்பேக் விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். வெளியே சொல்லிவிடாதீர்கள்.

சிமெண்ட் மூட்டைக்கு: உங்கள் வீடு முடிந்ததா? கிரகப்பிரவேசத்துக்கு அந்தப் படத்தைப் போட்டுவிடாதீர்கள், மெட்ரோ வாட்டர்காரர்கள் வந்து நிலம் எங்களுடையது என்னும் கட்டத்தில் பந்தியே கலைந்துவிடும்.

2011 ஜூனில் ‘ஆரண்ய காண்டம்’ தியேட்டரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அடுத்து எழுதுங்கள். தணிக்கையில் 52 வெட்டு கேட்டு, மேல்முறையீட்டுக்குப் போய், ஒருவழியாக வெளியே வந்த படம். நான் போவதற்குள் எங்கள் ஊரில் தூக்கிவிட்டார்கள். கொடுக்காப்புளி என்ற அந்தப் பையன் வாய்திறக்கும்போது அரங்கில் சிரித்தார்களா, சும்மா இருந்தார்களா? எனக்கு அது தெரிய வேண்டும்.