ஆடிக் காற்றில் மரத்தூள் எல்லாம் சமையலறைக்குள் போகிறது, எங்கிருந்து சரிசெய்வது?

உடுமலை (கேள்வி)

வணக்கமுங்க. உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்கு மேற்கே ஒட்டினாற்போல் தகரக் கொட்டகை போட்டு, ஓய்வு நேரத்தில் மரவேலை செய்கிறேன். மேசைக்கு அடியில் கவிழ்த்துப் பொருத்திய வட்ட ரம்பம், கை பிளேனர், சாண்டிங் மெஷின், இவ்வளவுதான் கருவிகள். இடித்த ஓட்டு வீட்டிலிருந்து வாங்கிய பழைய தேக்குக் கதவுகளைப் பிரித்து அலமாரி செய்கிறேன். கொஞ்சம் வாகைப் பலகையும் இருக்கிறது.

தூளைத்தான் சமாளிக்க முடியவில்லை. ரம்பத்தோடு வேக்குவம் கிளீனரை இணைத்தால் கொஞ்ச நேரம் நன்றாக இழுக்கிறது. அப்புறம் சத்தம் மாறி, இழுவை குறைந்துவிடுகிறது. திறந்து பார்த்தால் டிரம் பாதிகூட நிரம்பியிருக்காது. மேற்குச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்திருக்கிறேன். ஆனி பிறந்ததிலிருந்து அது ஓடியும் பயனில்லை, தூள் வீட்டுப் பக்கம்தான் போகிறது. அம்மாவுக்கு வீசிங் உண்டு, இருமல் கூடிவிட்டதால் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். பெரிய டஸ்ட் கலெக்டர் வாங்க இப்போது வசதியில்லை. முதலில் எதைச் செய்யலாம்?

காங்கேயம்

தம்பி, டிரம் நிரம்புவதற்கு முன்பே ஃபில்டர் அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் இழுவை போகிறது. மாவு போன்ற தூள் ஃபில்டர் மேல் ஒரு பூச்சாகப் படிந்துவிட்டால் காற்று போக வழியில்லை. தூள் ஃபில்டருக்குப் போவதற்கு முன்பே அதைப் பிரித்துவிட வேண்டும்.

எங்கள் ஊர் அரிசி ஆலைகளின் பின்புறம் கூம்பு வைத்த தகர உருளை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே சைக்ளோன்தான் உங்களுக்கும் வேண்டும். காற்று பக்கவாட்டில் நுழைந்து சுழலும்போது தூள் சுவரை ஒட்டிச் சுற்றி, வேகம் இழந்து கீழே இறங்கும். காற்று மட்டும் நடுக்குழாய் வழியாக மேலேறி வேக்குவத்துக்குப் போகும். கை அளவு பிளாஸ்டிக் கூம்பு ஆன்லைனில் கிடைக்கிறது. அதை 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டின் மூடியில் பொருத்தினால் போதும்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். மூடியில் துளிகூடக் காற்று கசியக் கூடாது. கசிந்தால் கீழே விழுந்த தூளை அந்தக் காற்றே கிளப்பி மேலே அனுப்பிவிடும். விளிம்பைச் சுற்றி பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டு இறுக்குங்கள். இன்னொன்று, பக்கெட் முக்கால் நிரம்புவதற்குள் கொட்டிவிடுங்கள், அதற்கு மேல் போனால் தூள் பிரியாது. மெல்லிய பக்கெட் வேண்டாம், குழாய் அடைத்தால் உறிஞ்சும் வேகத்தில் நசுங்கிவிடும்.

பீளமேடு

காங்கேயத்து அண்ணா சொன்னதைச் செய்யுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. மேசைக்கு அடியில் ரம்பம் திறந்தே இருக்கிறதா, மூடியிருக்கிறதா?

உடுமலை

திறந்துதான் இருக்கிறதுங்க. ரம்பத்தின் தூள்வாயில் நேராக வேக்குவம் குழாயைச் சொருகியிருக்கிறேன்.

பீளமேடு

அப்படியானால் பல் வீசியடிக்கும் தூளில் பெரும்பகுதி குழாய்க்கு வராமலே போகிறது. ரம்பத்தைச் சுற்றி மேசைக்கு அடியில் பிளைவுட்டில் ஒரு பெட்டி அடியுங்கள். தரைப் பலகை சாய்வாக, தாழ்ந்த மூலையில் குழாய். மோட்டார் சூடாகாமல் இருக்க ஒரு பக்கம் காற்று நுழையத் திறப்பு விடுங்கள். காற்று உள்ளே வந்தால்தான் தூளையும் அடித்துக்கொண்டு போகும், முழுக்க அடைத்துவிட்டால் இழுவையே இருக்காது.

பின்னால் வசதி வரும்போது தூளை இழுக்க மோட்டார் வைத்த புளோயர் ஒன்று செய்துகொள்ளலாம், கோவையில் அதற்குப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அப்போது ஒன்றை மறக்காதீர்கள். வேக்குவத்துக்கு அழுத்தம் அதிகம், காற்று குறைவு. புளோயருக்கு நேர்மாறு. 4 அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு 2 அங்குலக் குழாயைப் போல நான்கு மடங்கு. புளோயரில் 2 அங்குலக் குழாயை மாட்டினால் வாங்கிய காசு வீண். சாண்டிங் மெஷினுக்கு வேக்குவமே சரி. அங்கேதான் மிக மெல்லிய தூள் கிளம்புகிறது, அதனால் வேக்குவத்தை முதலில் அதோடு இணைத்துப் பழகுங்கள்.

பி.வி.சி. குழாயில் தூள் உரசி மின்னேறும், கை வைத்தால் சுரீர் என்று அடிக்கும். வெறும் செம்புக் கம்பியைக் குழாய் நெடுகச் சுற்றி எர்த்தில் இணைத்துவிடுங்கள்.

பல்லடம்

காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். வைகாசிக் கடைசி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று நம் பக்கம் அடித்துக்கொண்டே இருக்கும். உடுமலையில் அத்தனை காற்றாலை நிற்பதே அதனால்தான். நீங்கள் மேற்குச் சுவரில் வைத்த ஃபேன் அந்தக் காற்றை எதிர்த்துத் தள்ளப் பார்க்கிறது, அது நடக்காது. கொட்டகை மேற்கே, வீடு கிழக்கே என்றால் வெளியே போகிற தூள் நேராகச் சமையலறைக்குத்தான் வரும்.

இந்த மாதங்களில் தூளை வெளியேற்ற நினைக்கவே வேண்டாம். மேற்கு ஜன்னலையும் வீட்டுப் பக்கக் கதவையும் சாத்திவிட்டு, கிளம்பும் இடத்திலேயே பிடித்துவிடுங்கள். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அடைத்துவிடுங்கள். சாண்டிங் வேலையைக் காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து திரும்பியதும் அதே மேற்கு ஃபேன் நன்றாக வேலை செய்யும், கழற்ற வேண்டாம்.

ஈரோடு

அம்மாவின் விஷயம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். தரையில் குவியும் தூளைவிடக் கண்ணுக்குத் தெரியாத தூள்தான் மோசம். மெஷினை நிறுத்திய பிறகும் அது மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட தொகுதியிலேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மூக்கும் அதையொட்டிய சைனஸ் அறைகளும்தான் அதிகம் பாதிக்கப்படும். வாகைத்தூள் தும்மல் கிளப்பும் என்பது நம் ஆசாரிகளுக்குத் தெரிந்ததுதான். தேக்கும் சிலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சிறைப்பையும் தரும்.

அதனால் விளக்குமாறு வேண்டாம், காற்றடித்துச் சுத்தம் செய்வதும் வேண்டாம். இரண்டுமே படிந்ததைக் கிளப்பிவிடும். வேக்குவத்தால் இழுத்துவிட்டு ஈரத் துணியால் துடையுங்கள். சைக்ளோன் பக்கெட்டும் மிக மெல்லிய தூளைத் தப்பவிடும், அதனால் வேக்குவத்தில் ஹெப்பா ஃபில்டர் போடுங்கள். துணி கட்டுவதால் பயனில்லை, என்95 முகக்கவசம் போடுங்கள். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். வேலை முடிந்த கையோடு அதைக் கழற்ற வேண்டாம், வேலை உடுப்போடு வீட்டுக்குள் போகவும் வேண்டாம்.

அந்தக் கதவுகளில் பழைய பெயின்ட் இருக்கிறதா? வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பெயின்டை உலர்ந்த நிலையில் சாண்டிங் மெஷினால் தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைத் தனியே கட்டி அப்புறப்படுத்துங்கள்.

உடுமலை

ஒரு கதவில் பச்சைப் பெயின்ட் இருக்கிறதுங்க, அதை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டேன். பக்கெட்டும் பெட்டியும் செய்து பார்த்தேன். இழுவை இப்போது நின்று போவதில்லை, ஃபில்டரில் மெல்லிய படலம் மட்டும்தான். கொட்டகைக் கதவைச் சாத்தி வேலை செய்ததில் சமையலறை மேடையில் தூள் படியவில்லை. எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க.

இன்னொரு கேள்வி. சேரும் தூளை மாட்டுக் கொட்டகையில் பரப்பலாமா? தென்னைக்குப் போடலாமா?

காங்கேயம்

வெறும் தேக்குத்தூளைக் கொட்டகையில் பரப்பலாம், மூத்திரத்தை நன்றாக உறிஞ்சும். மாவாக இருந்தால் மாட்டுக்கும் இருமல் வரும், அதனால் பிளேனர் சீவலைப் பரப்புங்கள். பிளைவுட், எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) தூளில் பசை கலந்திருக்கும், பெயின்ட் தூளும் ஆகாது. இவற்றுக்கு வேறு பக்கெட் வையுங்கள். தென்னைக்கு மக்காத தூளை நேராகப் போட்டால் அது மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். சாணத்தோடு சேர்த்து மக்கவிட்டுப் போடுங்கள்.

பழைய கதவில் ஆணி இருந்தால் ரம்பத்தில் பொறி பறக்கும். அந்தப் பொறி பக்கெட்டுக்குள் போய் இரவெல்லாம் புகையலாம், எனவே ராத்திரி பக்கெட்டைக் கொட்டகைக்குள் வைக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியையும் தூளோடு சேர்த்துச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு அப்புறம் எறியுங்கள்.