அணை உரிமமும் மாநிலத்தின் நீர்த்தரச் சான்றும்: ஒரு வருடக் கெடு யாருக்காக?

மின்கம்பி (சார்லட்):
இருபது வருடமாக நீர்மின் நிலையங்களில் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் இந்தத் திரியைத் தொடங்குகிறேன். அமெரிக்காவில் ஓர் அணையின் உரிமத்தைப் புதுப்பிப்பதற்குள் ஒரு பிள்ளையைப் பெற்று, படிக்கவைத்து, கல்யாணமும் முடித்துவிடலாம். தனியார், நகராட்சி அணைகளுக்கு உரிமம் தருவது மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் (ஃபெர்க்). 30 முதல் 50 வருடத்துக்கு ஒருமுறை. அதோடு முடிந்தால் பரவாயில்லை. 1972 தூய நீர்ச் சட்டத்தின் 401-வது பிரிவு இருக்கிறதே, அதன்படி மாநிலம் நீர்த்தரச் சான்று தந்தால்தான் ஃபெர்க் உரிமம் தர முடியும். மாநிலம் எழுதும் நிபந்தனைகள் அப்படியே உரிமத்தில் ஏறிவிடும். பிடிக்காவிட்டாலும் ஃபெர்க் அவற்றை வெட்ட முடியாது என்று 1997-லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. மின்சாரமோ பல மாநிலங்களுக்குப் போகிறது. சாவி மட்டும் ஒரு மாநிலத்தின் நீர்த்துறையிடம். இது நியாயமா?

போதாததற்கு விதியே ஊஞ்சல் ஆடுகிறது. 2020-இல் மத்திய சுற்றுச்சூழல் துறையினர், அணையிலிருந்து வெளியேறும் நீரை மட்டும் பார் என்று மாநிலங்களின் கையைக் கட்டினார்கள். 2023-இல், திட்டத்தின் செயல்பாடு முழுவதையும் பார் என்று அவிழ்த்துவிட்டார்கள். 50 வருடத்துக்குப் பணம் போடுகிறவன் எதை நம்பிப் போடுவான்?

ஆற்றுமணல் (போர்ட்லேண்ட்):
அதே 50 வருடத்தை இந்தப் பக்கத்திலிருந்து பாருங்கள் அண்ணா. இப்போது புதுப்பிக்க வரும் அணைகளில் பல, 1972-க்கு முன்பு கட்டியவை. மீனுக்கு எவ்வளவு தண்ணீர், ஆற்றில் எவ்வளவு ஆக்ஸிஜன் என்று அப்போது யாரும் கேட்கவே இல்லை. உரிமம் முடியும்போதுதான் ஆற்றுக்கு ஒரு கதவு திறக்கிறது. அதைத் தவறவிட்டால் அடுத்த தடவை கேட்க என் பேரப்பிள்ளை வர வேண்டும்.

மாநிலங்கள் வானத்தை வளைக்கவும் கேட்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் டோஸ்வாலிப்ஸ் ஆற்று வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நீரைக் குழாய்க்குத் திருப்பிய பின் பழைய படுகையில் விநாடிக்கு 65 முதல் 155 கனஅடி விடுவோம் என்றார்கள் திட்டக்காரர்கள். பருவத்தைப் பொறுத்து 100 முதல் 200 விடு, சால்மன் மீன் பிழைக்கட்டும் என்றது மாநிலம். இவ்வளவுதான் சண்டை. 1994-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று மாநிலத்தின் பக்கம் நின்றது.

மின்கம்பி:
அந்த வழக்கில்தான் ரப்பரை இழுக்கத் தொடங்கினார்கள் என்பேன். சட்டத்தின் பெயர் தூய நீர். எவ்வளவு நீர் என்பது அளவு, எப்படிப்பட்ட நீர் என்பது தரம். இரண்டும் வேறு.

ஆற்றுமணல்:
நீதிபதி ஓ'கானர் அந்தத் தீர்ப்பில் இதற்குத்தான் பதில் எழுதினார். அளவு, தரம் என்று பிரிப்பதே செயற்கையானது என்றார். படுகையில் தண்ணீரே இல்லையென்றால் எதன் தரத்தை அளப்பீர்கள்?

வக்கீல்குமாஸ்தா (பால்டிமோர்):
இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான்கு வருடம் முன்பு, 1990-இல், இதே குறைந்தபட்ச நீர்வரத்துக்காகக் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. ராக் கிரீக் வழக்கு. மாநிலம் தன் சொந்த நீர்ச் சட்டத்தை வைத்துக் கேட்டது. மத்திய மின் சட்டத்தின் முன் அது செல்லாது என்றுவிட்டார்கள். வாஷிங்டன் அதையே 401 வழியாகக் கேட்டது, கிடைத்தது. வாசல் மாறியதும் தீர்ப்பும் மாறிவிட்டது. அதனால்தான் இந்த ஒரு பிரிவின் மேல் இரண்டு தரப்புக்கும் இத்தனை வெறி.

புதுவரவு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தண்ணீர் மேலே இருந்து வருகிறது, டர்பைனைச் சுற்றிவிட்டுக் கீழே போகிறது. யாரும் எதையும் கலக்கவில்லை. இதில் தரம் எங்கே கெடுகிறது?

மின்கம்பி:
நல்ல கேள்வி. பதில் என் வாதத்துக்குப் பாதகம்தான், இருந்தாலும் சொல்கிறேன். கோடையில் ஆழமான நீர்த்தேக்கம் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடான தண்ணீர், அடியில் குளிர்ந்தது. இரண்டும் கலக்காது. அடியில் மட்கும் இலைதழை அங்கிருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும், மேலிருந்து புதிதாக இறங்காது. டர்பைனுக்கு நீர் எடுக்கும் வாய் பெரும்பாலும் அந்த அடித்தண்ணீரில்தான் இருக்கும். ஆகஸ்டில் மின்நிலையத்துக்குக் கீழே நின்றால் அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் கரைந்த ஆக்ஸிஜன் இருக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் விதித்திருக்கின்றன. நான் இருந்த ஒரு நிலையத்தில் காலை வேளையில் மீட்டர் 1-க்குப் பக்கத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

வழி இல்லாமல் இல்லை. டர்பைனுக்குள் காற்றை இழுக்கவிடலாம், கொஞ்சம் மின் உற்பத்தி குறையும். நீர்த்தேக்கத்தின் அடியில் குழாய் போட்டு ஆக்ஸிஜனைக் குமிழிடலாம். மிகுதி நீரைத் திறந்துவிடும் வழிந்தோடியில் நேர்மாறான தொல்லை. உயரத்திலிருந்து விழும் தண்ணீர் காற்றை ஆழத்துக்கு இழுத்துப்போய் அளவுக்கு மீறிக் கரைத்துவிடும், மீனின் உடம்புக்குள்ளேயே குமிழி வரும்.

ஆற்றுமணல்:
அண்ணா, எனக்காக நீங்களே வாதாடிவிட்டீர்கள். 2006-இல் மெய்ன் மாநிலத்தின் பிரிசம்ப்ஸ்காட் ஆற்று அணைகள் வழக்கில் உரிமையாளர் கேட்டது புதுவரவின் கேள்விதான்: நாங்கள் எதையும் சேர்க்கவில்லையே, இது எப்படி வெளியேற்றம் ஆகும்? தண்ணீர் வெளியே வந்தால் அது வெளியேற்றம்தான் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மின்கம்பி:
ஆக்ஸிஜனுக்கு ஓர் எண் வை, நான் கட்டுப்படுகிறேன். நான் எரிச்சல்படுவது வேறு விஷயத்துக்கு. படகுத்துறை கட்டு, நடைபாதை போடு என்றெல்லாம் நீர்த்தரச் சான்றில் எழுதுகிறார்கள். நடைபாதையில் எத்தனை மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கிறதாம்?

அப்புறம் காலதாமதம். சட்டம் மாநிலத்துக்குத் தந்திருப்பது அதிகபட்சம் ஒரே வருடம். அதற்குள் செயல்படாவிட்டால் உரிமை போச்சு. நடைமுறையில்? ஆரெகன், கலிஃபோர்னியா வழியே ஓடும் கிளாமத் ஆற்றின் நான்கு மின் அணைகளைப் பாருங்கள்.

ஆற்றுமணல்:
கிளாமத்தையே நீங்கள் எடுத்தது நல்லது. 2002-இல் அங்கே பல்லாயிரம் சால்மன் செத்து மிதந்தன. அந்த அணைகளை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்கிறீர்களா?

மின்கம்பி:
இங்கே உங்களைத் திருத்த வேண்டும். 2002 சாவுக்குக் காரணம் குறைந்த நீர்வரத்தும் சூடான தண்ணீரும் அதில் பரவிய நோயும். அந்த வறட்சி வருடத்தில் மேலே பாசனத்துக்குத் திருப்பிய தண்ணீரைப் பற்றித்தான் பெரிய சண்டை நடந்தது. அதன் பழியை நான்கு மின் அணைகளின் தலையில் மொத்தமாகக் கட்டாதீர்கள்.

ஆற்றுமணல்:
ஒப்புக்கொள்கிறேன், அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் காப்கோ, அயர்ன் கேட் நீர்த்தேக்கங்களில் கோடைதோறும் படர்ந்த நச்சுப் பாசி அணைகளின் கணக்கில்தான் வரும். ஓடுகிற ஆற்றில் அது அப்படிப் படராது.

வக்கீல்குமாஸ்தா:
தாமதக் கதையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் யார் வில்லன் என்பது நீங்கள் இருவரும் நினைப்பதுபோல் இல்லை. அந்த அணைகளின் உரிமையாளரான பசிஃபிகார்ப் நிறுவனத்தின் உரிமம் 2006-இல் முடிந்தது. அந்த வருடமே கலிஃபோர்னியா, ஆரெகன் இரண்டிடமும் சான்று கேட்டது. ஒரு வருடக் கெடு நெருங்கும்போது விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, அதையே மறுபடி போடும். கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும். வருடா வருடம் இதே சடங்கு. பின்னால் அணைகளை அகற்றும் பேச்சுவார்த்தை வந்தபோது, 2010 ஒப்பந்தத்திலேயே இந்தச் சடங்கை எழுதிவைத்தார்கள். நிறுவனமும் மாநிலங்களும் சேர்ந்து செய்த ஏற்பாடு.

வழக்குப் போட்டது யார்? அணை உரிமையாளர் இல்லை. ஹூப்பா பள்ளத்தாக்குப் பழங்குடியினர். ஆற்றை நம்பி வாழ்கிறவர்கள், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர்கள். மாநிலங்கள் சான்று தரும் உரிமையை இழந்துவிட்டன என்று அறிவியுங்கள் என்று அவர்கள்தான் கேட்டார்கள்! 2019-இல் தலைநகர் வாஷிங்டன் டி.சி.-யின் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

புதுவரவு:
ஆற்றைக் காப்பாற்ற நினைப்பவர்கள் மாநிலத்தின் அதிகாரத்தை ஏன் பறிக்கச் சொன்னார்கள்? தலை சுற்றுகிறது.

வக்கீல்குமாஸ்தா:
உரிமம் முடிந்தாலும் டர்பைன் நிற்காது. ஃபெர்க் வருடத்துக்கு ஒரு தற்காலிக உரிமம் தரும், பழைய நிபந்தனைகளோடு. சான்று தாமதமாகும் ஒவ்வொரு வருடமும் அந்தப் பழைய உரிமத்தின் ஆயுள்தான் நீள்கிறது. மீன்கள் அணையைத் தாண்டி ஏற உதவும் மீன் ஏணியைக் கட்டச் சொல்லும் அதிகாரம் மத்திய மீன்வளத் துறைகளிடம் இருக்கிறது, அதுவும் புது உரிமத்தோடுதான் நடைமுறைக்கு வரும். அதனால் எப்படியாவது கோப்பு நகரட்டும் என்று ஹூப்பா மக்கள் நினைத்தார்கள்.

கடைசியில் அணைகள் இடிக்கப்பட்டதற்கும் மாநிலச் சான்று நேரடிக் காரணம் இல்லை. ஏணிகளைக் கட்டுவதைவிட இடிப்பது மலிவு என்று கணக்குச் சொன்னது. காப்கோ 2 அணை 2023-இல் போனது, மற்ற மூன்றும் 2024-இல்.

ஆற்றுமணல்:
ஆக, தாமதத்தால் லாபம் அணைக்காரருக்குத்தான். மின்கம்பி அண்ணா கெடுவை வைத்து மாநிலத்தைத் திட்டுகிறார், கெடுவைத் தாண்டி ஓடிய டர்பைன் யாருடையது?

மின்கம்பி:
எல்லா இடத்திலும் அப்படி இல்லை தம்பி. தங்களிடம் ஆய்வு முடியவில்லை, திரும்பப் பெற்று மறுபடி போடு என்று மாநில அதிகாரிகளே சொல்வதும் உண்டு. மறுத்தால் "சான்று இல்லை" என்று கடிதம் வரும். கழுத்தில் கத்தி வைத்துவிட்டு நீயாகத்தான் குனிந்தாய் என்றால் எப்படி?

வக்கீல்குமாஸ்தா:
அதையும் நீதிமன்றம் பார்த்துவிட்டது. 2022-இல் மேற்கே ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், மனுதாரர் தானாகத் திரும்பப் பெற்றதை மாநிலம் ஏற்றுக்கொண்டது மட்டும் கூட்டுச்சதி ஆகாது என்றது. அதே வருடம் டர்லாக் வழக்கில், மறுபடி விண்ணப்பிக்கலாம் என்ற குறிப்போடு மாநிலம் மறுத்தாலும் அது செயல்பட்டதாகவே கணக்கு என்று வந்தது. கெடு இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது.

எங்கள் ஊர்க் கதை இன்னும் மோசம். சஸ்குவஹானா ஆற்றில் 1928-இல் கட்டிய கோனோவிங்கோ அணை. நீர்த்தேக்கம் வண்டலால் நிறைந்துவிட்டது, பெருவெள்ளத்தில் அது செசபீக் விரிகுடாவுக்குள் இறங்கும். மேரிலாந்து 2018-இல் கடும் நிபந்தனைகளோடு சான்று தந்தது. அந்த அணையின் நிறுவனம் வழக்குப் போட்டது. 2019-இல் சமரசம்: 50 வருடத்தில் 20 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பணிகளை நிறுவனம் ஏற்கும், மாநிலம் தன் சான்றைக் கைவிடும். 2021-இல் ஃபெர்க் உரிமமும் தந்தது. 2022 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சான்று தந்தபின் தரவே இல்லை என்று சொல்ல சட்டத்தில் இடமில்லை என்றது.

மின்கம்பி:
அந்த வண்டலிலும் உரத்திலும் பெரும்பகுதி பென்சில்வேனியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வருவது. மேலே உழுகிறவனை விட்டுவிட்டு வழியில் நிற்கிறவனிடம் வசூல். 401-ஐ நான் சந்தேகப்படுவதே இதனால்தான். உரிமம் கேட்டு வருகிறவன் ஒருவன்தான், அவனை மட்டும் பிடிக்க முடியும், ஆகவே எல்லாப் பாவத்தையும் அவன் தலையில் ஏற்று.

ஆற்றுமணல்:
அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வண்டலை உருவாக்கியது அணை இல்லை. 90 வருடம் பிடித்து வைத்துவிட்டு ஒரே வெள்ளத்தில் அவிழ்ப்பது அணைதான். சரி, ஒரு நேரான கேள்வி. ஒரு வருடக் கெடுவில் மாநிலம் தவறினால் உரிமை போகிறது. அணைக்காரர் இழுத்தடித்தால் அந்தத் தற்காலிக உரிமத்தில் மட்டும் புது ஆக்ஸிஜன் அளவு உடனே ஏறட்டும் என்றால் ஒப்புக்கொள்வீர்களா?

மின்கம்பி:
முழுச் சான்று வருமுன் நிபந்தனை ஏற்றினால் வழக்கு மேல் வழக்கு வரும், ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் பொய் சொல்லவும் மனம் வரவில்லை. தற்காலிக உரிமத்தில் ஓடிய ஒரு நிலையத்தில் நானும் இருந்தேன். டர்பைனுக்குக் காற்றுக்குழாய் போடப் பணம் கேட்டு ஒவ்வொரு பட்ஜெட்டிலும் எழுதுவேன். "உரிமம் வரட்டும்" என்று திரும்பி வரும். எத்தனை வருடம் எழுதினேன் என்று இங்கே சொன்னால் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள், அதனால் சொல்வதாக இல்லை.